இடம் மாறிய முகர்கல்

ஆலங்காட்டில் மரங்களை வெட்டி நகரம் கட்டிக்கொண்டிருந்தது நரி. சிங்கராஜாவுக்கு ஏழடுக்கு மாளிகை, புலிக்கு அகலமான வீதி என்று வாய் நிறைய வாக்குறுதி. செங்கல் வேண்டுமே! காட்டின் நடுவே சூளை போட்டது. சூளை இரவும் பகலும் கரும்புகை கக்கியது.

பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே வேப்பமரத்தில் ஒரு மைனா குடியிருந்தது. இன்னும் பறக்கத் தெரியாத அதன் குஞ்சு, வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தது. மைனா சிங்கராஜாவின் சபைக்குப் பறந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். முகர்கல் என்ற பாறை எங்கே கிடக்கிறதோ, அங்கேதான் சபை கூடும். கரடி அதன்மேல் உட்கார்ந்து முகர்ந்து சொல்வதுதான் காற்றின் நிலை. சூளை போடுவதற்கு முன்பே நரி அந்தக் கல்லைத் தூரத்துத் தாமரைக் குளக்கரைக்குத் தள்ளிவிட்டிருந்தது. எத்தன்!

"ராஜா! புகையில என் பிள்ளை செத்துக்கிட்டிருக்கு! சூளையை நிறுத்தச் சொல்லுங்க!"

"புகையா? எங்கே?" என்று சிரித்தது நரி. "கரடியாரே, காத்து எப்படி?"

"தாமரை வாசம் கமகமன்னு வருது! காத்து சுத்தம்!"

"கேட்டீங்களா ராஜா? வளர்ச்சி பிடிக்காத கூட்டம் இது!"

சிங்கம் தலையாட்டியது. தூரத்தில் வானமே கறுத்துக் கிடந்தது. அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் கழுத்து வளையவில்லை. வெட்கங்கெட்ட சபை!

மைனா நேராக யானையிடம் போனது. புகை பட்டு யானைக்கும் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, அந்தக் கல்லைத் தூக்கிச் சூளை வாசல்ல போடுங்க!"

"போட்டா?"

"சபை அங்க வந்துதானே ஆகணும்!"

யானை அப்படியே செய்தது. மறுநாள் சபை சூளை வாசலில் கூடியது. கரடி கல்லில் உட்கார்ந்து மூக்கை நீட்டியது. "காத்து... காத்து..." என்று இருமி இருமிக் கல்லிலிருந்து உருண்டு விழுந்தது. சிங்கத்தின் பிடரியெல்லாம் சாம்பல். அது விடாமல் தும்மியது.

"கல்லு தப்பான இடத்துல கிடக்கு! குளக்கரைக்கே கொண்டுபோங்க!" என்று அலறியது நரி.

"கல்லு இருக்கிற இடம் தப்பா, சூளை இருக்கிற இடம் தப்பா?" மைனா சீறியது. "ஒரு நாழிகை மூச்சு முட்டினதுக்கே ஓடப் பாக்குறீங்களே! என் பிள்ளை பிறந்ததிலேருந்து இதைத்தான் குடிச்சுக்கிட்டிருக்கு!"

சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அணைங்க!" என்று மட்டும் சொன்னது.

யானை தும்பிக்கை தும்பிக்கையாக நீரைக் கொட்டிச் சூளையை அணைத்தது. விலங்குகள் நரியைக் காட்டு எல்லை வரை துரத்தின. மைனாக் குஞ்சு பிழைத்தது. வளர்ந்து பறக்கவும் செய்தது. ஆனால் பாட வாயெடுத்தால் இருமல்தான் வந்தது.

தன் மூக்கில் புகை ஏறும்வரை அடுத்தவர் மூச்சுத் திணறலைப் பொய் என்பவர் கட்டுகிற நகரம், மாளிகை எத்தனை அடுக்கானாலும் குடியிருக்க ஆகாது.