தனக்கோடியார் போட்ட கோடு

சுவர் இல்லை, கதவு இல்லை, பூட்டு இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பவன் வெளியே வர முடியாது. அது என்ன சிறை, சொல் பார்க்கலாம்!

தெரியவில்லையா? மாசிலாமணியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவான்.

மாசிலாமணி துணிக்குச் சாயம் போடுகிறவன். அவன் பட்டறையில் பெரிய நீலத் தொட்டி ஒன்று இருந்தது. அவன் தகப்பனார் வைத்தது. நீலச் சாயம் தயிரைப் போல உயிருள்ளது. தினமும் கலக்கி, சுண்ணாம்பு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாள் கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். அப்புறம் அது வெறும் நாற்றத் தண்ணீர். உயிரோடு இருக்கும்போதும் நாற்றம்தான். ஆனால் அது சோறு போடும் நாற்றம்.

அவன் துணிகளை ஏற்றிப் போன படகு புயலில் கவிழ்ந்தது. கடன் கழுத்தை நெரித்தது. அரசர் வீரகேசரியின் சபைக்குப் போய் மாசிலாமணி கை விரித்தான்.

"என்னால் முடியவில்லை, அரசே. வீடு, வண்டி, பாத்திரம் எல்லாம் போகட்டும். தொட்டி மட்டும் இருந்தால் நானும் என் மகள் வடிவும் பிழைத்துக்கொள்வோம்" என்றான்.

நாட்டுச் சட்டமும் அதுதான். கை விரித்தவனின் தொழிற்கருவியை யாரும் பறிக்கக் கூடாது.

கடன் கொடுத்தவர் தனக்கோடியார். பத்து விரலிலும் மோதிரம். பதினோராவது விரல் இல்லையே என்று வருத்தம் வேறு. வீட்டை எடுத்துக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டார். அம்மிக் குழவியைக்கூட விடவில்லை. அப்படியும் கண் தொட்டியின் மேலேயே இருந்தது.

"அரசே, நான் கோடு போடப்போகிறேன்" என்றார்.

அரசர் முகம் சுளித்தார். அது பழைய வழக்கம். கடன் கொடுத்தவர் மனம் ஆறாவிட்டால், கடனாளியைச் சுற்றித் தன் கையால் ஒரு கோடு போடலாம். கோட்டுக்குள் இருப்பவர், கடன் கொடுத்தவர் வாயால் 'தீர்ந்தது' என்று சொல்லும்வரை, அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஐம்பது கசையடி.

தனக்கோடியாரின் கணக்கு சுலபமானது. மாசிலாமணி தெருவில் நிற்பான். தொட்டியைக் கலக்க ஆள் இருக்காது; சின்னப் பெண்ணுக்கு அந்தக் கோலைத் தூக்கவே முடியாது. சாயம் சாகப்போகிறதே என்ற பயத்தில் பட்டறையை அவனே எழுதிக் கொடுத்துவிடுவான்.

"சட்டம் சட்டம்தான்" என்று பெருமூச்சு விட்டார் அரசர். எல்லோரும் பட்டறைக்குப் போனார்கள். கூடவே கூத்தநம்பியும் போனார். சபையில் அரசரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம்.

தனக்கோடியார் மாசிலாமணியைத் தெருவில் நிறுத்தினார். காவிப் பொடியால் முறம் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். கூத்தநம்பி கலகலவென்று சிரித்தார்.

"என்ன காணும் சிரிப்பு?"

"ஒன்றுமில்லை ஐயா. போன மாதம் பொரிகடலைக்காரர் மோர்க்காரிக்கு ஒரு கோடு போட்டார். அவருக்கு வரவேண்டியது மூன்று பணம். அவர் வட்டமே இதைவிடப் பெரிது."

தனக்கோடியாருக்குச் சுருக்கென்றது. வட்டத்தை அழித்தார். மாட்டு வண்டி நிற்கும் அளவுக்குப் போட்டார்.

"இப்போது எப்படி?"

"இப்போது பரவாயில்லை, வெற்றிலைக் கடைக்காரர் அளவுக்கு வந்துவிட்டீர்கள்."

கூட்டம் சிரித்தது. தனக்கோடியாரின் காது சிவந்தது. கூத்தநம்பி அவர் பக்கம் குனிந்தார்.

"ஐயா, உங்கள் செல்வத்துக்கு இது போதுமா? அந்தத் தொட்டியையும் வளைத்துப் போடுங்கள். பட்டறையே உங்கள் பிடியில் இருக்கிறது என்று ஊர் பேசுமே!"

ஊர் பேசும் என்றால் தனக்கோடியார் கிணற்றில்கூடக் குதிப்பார். "கொண்டு வா ஒரு கூடை காவி!" என்று கத்தினார்.

பழைய வட்டத்தை அழித்து, மாசிலாமணியைப் பட்டறைக்குள் நிறுத்தி, தொட்டி, அடுப்பு, கிணறு, துணி உலர்த்தும் கொடி, எல்லாவற்றையும் வளைத்துக் கோடு போட்டார். பட்டறையைச் சுற்றிச் சாயக் கழிவு ஓடும் வாய்க்கால் இருந்தது. பட்டுச் செருப்பு நனையக் கூடாதே! அதனால் கோட்டின் உள்பக்கமாகவே நடந்து, குனிந்து குனிந்து போட்டு முடித்தார்.

"பார்த்தீரா? இந்த நாட்டில் எவனாவது இப்படி ஒரு கோடு போட்டிருக்கிறானா?"

"சத்தியமாக இல்லை ஐயா" என்றார் கூத்தநம்பி.

மாசிலாமணி நேராகத் தொட்டிக்குப் போனான். கோலை எடுத்துக் கலக்க ஆரம்பித்தான். அவன் கோட்டைத் தாண்டவில்லையே! அப்போதுதான் தனக்கோடியாருக்குத் தன் தவறு புரிந்தது. வெடுக்கென்று தெருவில் நின்ற தன் பல்லக்கை நோக்கித் திரும்பினார்.

"நில்லுங்கள் ஐயா! காலை எடுத்து வைத்தால் ஐம்பது கசையடி" என்றார் கூத்தநம்பி.

"கோடு அவனுக்கு! எனக்கா?"

"சட்டம் 'கோட்டுக்குள் இருப்பவர்' என்றுதான் சொல்கிறது. கடன் கொடுத்தவரே உள்ளே போய் நிற்பார் என்று சட்டம் எழுதியவருக்குத் தோன்றவில்லை. பாவம், அவர் உங்களைப் பார்த்ததில்லை."

அரசர் சால்வையால் வாயை மூடிக்கொண்டார். "ஆமாம், சட்டம் சட்டம்தான்" என்றார்.

வெயில் ஏறியது. தொட்டியின் நாற்றமும் ஏறியது. தனக்கோடியார் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார்.

"கூழ் இருக்கிறது, கொஞ்சம் குடிக்கிறீர்களா ஐயா?" என்று மாசிலாமணி மரியாதையாகக் கேட்டான். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"தீர்ந்தது" என்று துண்டுக்குள் முணுமுணுத்தார்.

"அரசே, கடனாளியின் வீட்டார் ஒருவர் காதில் விழுந்தால்தானே செல்லும்?" என்றார் கூத்தநம்பி.

"அதுதான் நியாயம்" என்றார் அரசர்.

"தீர்ந்தது! கடன் தீர்ந்தது!" என்று தனக்கோடியார் அலறினார். கூரையில் இருந்த காக்கைகள் பறந்து போயின. அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் சால்வையைக் கழற்றிக் கூத்தநம்பிக்குப் போர்த்தினார். பிறகு கோட்டுக்கு வெளியே நின்ற வடிவின் பக்கம் திரும்பினார்.

"உன் காதில் விழுந்ததா, அம்மா?"

வடிவு தனக்கோடியாரை ஒரு தடவை பார்த்தாள். விழவில்லை என்றாள்.