மேல் வீட்டு ஊக்கு

“மறுபடியும் கூப்பிடுது, டீச்சர். மறுபடியும் பதில் இல்ல.”

ஆவுடையப்பன் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்துவிட்டார். கறுப்புத் திரையில் வரிகள் தாமாக இறங்கிக்கொண்டிருந்தன. தேடுகிறது. அழைக்கிறது. பதில் இல்லை. தேடுகிறது.

பெனிட்டா டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பாடம் கேட்கிறவர்களின் கீபோர்டை அவள் தொடுவதில்லை. அவளைவிட அவருக்கு இருபத்தாறு வயது கூட. கோவில்பட்டி நூலக மாடியில் அவள் நடத்தும் லினக்ஸ் வகுப்பில் மூன்று ஞாயிறாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர், இன்றைக்கு அவளையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

வீட்டில் ஒரு நாற்காலிதான் இருந்தது. தட்டச்சு செய்கிறவர்தான் உட்கார வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

“இந்த லினக்ஸே சரியில்லயோ?”

“அது மேல குத்தம் இல்ல, அண்ணாச்சி. அது நல்லாத்தான் கூப்பிடுது. ஆறு மணி, ஆறு மணின்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தியளே. ஆறு மணிக்கு என்ன?”

“செஸ்.”

“செஸ்ஸா?”

“மலேசியாவுல, ஈப்போவுல ஒருத்தர். நாலு மாசமா ஒரே ஆட்டம். மூணு நாளைக்குள்ள காய் நகத்தணும். இல்லன்னா ஆட்டம் மூடிரும். மூணு நாள் இன்னைக்கு ஆறோட முடியுது.”

“வேற ஆட்டம் ஆரம்பிங்க.”

“அவரு பேரே தெரியாது, டீச்சர். விலாசமும் கிடையாது. அந்த ஆட்டத்துக்குள்ள மட்டுந்தான் அவரு இருக்காரு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒவ்வொரு காய்க்கும் கீழ ஒரு வரி எழுதுவாரு. இன்று மழை. பூனை குட்டி போட்டது. அந்த மாதிரி.”

“நீங்க என்ன எழுதுவிய?”

“நான் காயை மட்டும் நகத்துவேன்.”

திரை அழைத்தது. பதில் இல்லை.

“உங்க போன்ல நெட் இருக்குல்லா?”

“இருக்கு.”

“ஒரு அஞ்சு நிமிசம் தந்தியன்னா...”

“நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்.”

அவர் மறுபடி கேட்கவில்லை. முப்பது வருஷம் தபால் ஆபீசில் ஊர்க் கடிதங்களைப் பிரித்துப் போட்டவர். இல்லை என்பதை உறையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.

“சுத்தி உள்ள வைஃபை எத்தனை தெரியுது?”

“ஆறு.”

“வாசிங்க.”

“மாரியம்மன் துணை. மூணாம் வீடு. தொடாதே...” கடைசிவரை வாசித்தார்.

“இதுல உங்களுது?”

“இல்ல. பேரை மறைச்சு வச்சிருக்கேன்.”

“யாருகிட்டருந்து?”

அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேல் வீட்டுச் செண்பகவல்லியின் மகள் வாசலில் வந்து நின்றாள். தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றைக்குக் கடைசி நாள். போனில் பணம் தீர்ந்துவிட்டது, பாஸ்வேர்டு கிடைக்குமா, மாமா? ‘எனக்குத் தெரியாதும்மா, லைன்காரன் போட்டது’ என்றார். அன்று சாயங்காலமே பெயரை மறைத்தார். அதுவும் போதாதென்று பட்டது. என் கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாதே என்று சுவரில் இருந்த வைஃபை பெட்டிக்குக் கட்டளையும் போட்டார்.

“அந்தக் கம்ப்யூட்டர் எங்க?” என்றாள் டீச்சர்.

“வியாழக்கிழமை புகைஞ்சு போச்சு.”

“அதான், இந்தப் புதுசைப் பெட்டி உள்ள விட மாட்டேங்குது.”

“கட்டளையை மாத்திரலாம்லா?” என்றார்.

“மாத்தலாம். உள்ள போனா.”

அழைக்கிறது. பதில் இல்லை.

“பெட்டியைக் கழத்தி அடியில பாருங்க, அண்ணாச்சி.”

அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டுக்குப் பக்கத்தில் கடுகு அளவு ஓட்டை.

“அதுக்குள்ள குத்திப் பத்து நொடி பிடிக்கணும். நீங்க சொன்னது அம்புட்டும் போயிரும். சீட்டுல இருக்கிற பேரும் பாஸ்வேர்டுந்தான் நிக்கும்.”

“பேரு எல்லாருக்கும் தெரியுமே.”

“தெரியும்.”

தீக்குச்சி நுழையவில்லை. விளக்குமாற்றுக் குச்சி முனை ஒடிந்தது.

“ஊக்கு வேணும்,” என்றாள் டீச்சர்.

“தனியாளு, எங்கிட்ட ஏது ஊக்கு? கடைக்குப் போயிட்டு வாரேன்.”

“ஞாயித்துக்கிழமை. மணி அஞ்சே முக்கால். மேல் வீட்டுல கேளுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படியேறிக் கதவைத் தட்டினார்.

“யாரு? அட, கீழ் வீடா!” செண்பகவல்லி கதவை முழுதாகத் திறந்தாள். “இங்க ஒரு மாடிப்படி இருக்கிறது இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சா?”

“ஒரு ஊக்கு வேணும்.”

“எதுக்கு? பொத்தான் போச்சா?”

“ஒரு பெட்டியைக் குத்தணும்.”

அவள் சிரித்துவிட்டாள். தாலிச் சரட்டில் கோத்திருந்த நாலைந்து ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள்.

மொட்டை மாடியிலிருந்து ஒரு குரல் கத்தியது. “கேக்குதா, சார்? இப்பக் கேக்குதா?”

“எம் மக மதிவதனிதான். ஆன்லைன்ல கிளாசு. தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாத்தான் டவர் எடுக்கு.”

“மழைக்காலத்துல?”

“குடை இருக்கே. இந்தாங்க.”

“திருப்பித் தந்துருவேன்.”

“ஊக்கைப் போயி யாரு திருப்பிக் கேட்டா!”

கீழே வந்து குத்தினார். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. வெகுநேரம் ஒன்றும் எரியவில்லை. பிறகு ஒன்று எரிந்தது. பிறகு இன்னொன்று.

திரையில் ஏழாவதாக ஒரு பெயர் வந்தது. எழுத்தும் எண்ணுமாக, யாருடையதென்றும் சொல்ல முடியாத பெயர். சீட்டைப் பார்த்துத் தட்டினார்.

அழைக்கிறது. இணைந்தது.

மணி ஐந்து ஐம்பத்து நான்கு. ஈப்போக்காரரின் கடைசி வரி வியாழக்கிழமையிலிருந்து காத்திருந்தது. ‘பல் வலி. தூக்கமில்லை.’

ஆவுடையப்பன் குதிரையை நகர்த்தினார். கீழே காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘கிராம்பு வைத்துப் பாருங்கள்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினார். அப்போது மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

டீச்சர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். அவள் தோளில், சேலை மடிப்புக்கு நடுவே, ஏதோ மின்னியது.

“டீச்சர், உங்ககிட்டயே இருந்துச்சே!”

“இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.

அவர் உள்ளே வந்து காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தார். பெட்டியைக் கவிழ்த்து, சீட்டில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தாளின் பின்புறத்தில் எழுதினார். தாளை நாலாக மடித்து அதில் ஊக்கைக் குத்திக்கொண்டு மாடிப்படி ஏறினார்.