கத்திப் பார்த்து வாங்கிய கத்தி

கோணப்பள்ளம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களையே கேட்டால், காலடியைக் காட்டி "இங்கதான்" என்பார்கள். அதற்கு மேல் விவரம் கிடைக்காது. நாமும் அதோடு விட்டுவிடுவோம். அந்த ஊரில் தீர்த்தகிரி என்று ஒருவன் இருந்தான். அவனுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது. எல்லா வம்பும் அதிலிருந்துதான்.

பெண், மாந்தோப்புப் பச்சியப்பனின் மகள் செண்பகம். பெண் பார்க்கப் போன அன்று அவள் கொடுத்த மோரைக் குடித்தவன், டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீடு வரைக்கும் எடுத்து வந்துவிட்டான். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினான். அவளைக் கட்டிக்கொள்ளாவிட்டால் தன் பிழைப்பே வீண் என்று மனதார நம்பினான்.

பச்சியப்பன் லேசில் பெண்ணைக் கொடுக்கிற ஆள் இல்லை.

"இந்தாப்பா, எங்க தோப்புல காயை அறுத்துப் பாத்துட்டுத்தான் பறிப்போம். அதனால எங்க வீட்டு மாப்பிள்ளை இடுப்புல மடக்குக் கத்தி இல்லாம இருக்கக் கூடாது. சந்தையில ஒண்ணு வாங்கிட்டு வா. காசைக் கொட்டாத. விலையும் குறைச்சலா இருக்கணும், சரக்கும் தரமா இருக்கணும். கத்தி பாத்து வாங்கு. விரிச்சா நிக்கணும். ஆட்டம் இருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை கொண்டாந்து காட்டு. அதுகூடத் தெரியாதவனுக்கு நான் பொண்ணு குடுக்கறதா இல்ல. பக்கத்து ஊர்லயும் ஒருத்தன் கேட்டுட்டுத்தான் இருக்கான்."

தீர்த்தகிரி இதை மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து, கூட்டாளிகள் மூவரிடமும் ஒப்பித்தான். மூவரில் மூத்தவர் மாதையன். ஒரு தடவை டவுன் சலூனில் முடி வெட்டிக்கொண்டவர் என்பதால், உலக விவகாரம் எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவார்கள். மற்ற இருவர் பாவாடையும் பொன்னுரங்கமும். இவர்கள் யாரிடமும் யாரும் எதற்கும் போனதில்லை.

மாதையன் கண்ணை மூடி யோசித்தார்.

"கத்தியைப் பாத்து வாங்குன்னாரா, கத்திப் பாத்து வாங்குன்னாரா?"

"கத்தி பாத்துன்னுதாண்ணா சொன்னாரு" என்றான் தீர்த்தகிரி.

"அப்புறம் என்ன சந்தேகம்? பலகாரத்தைத் தின்னு பாத்து வாங்கறோம். தேங்காயைத் தட்டிப் பாத்து வாங்கறோம். கத்தியைக் கத்திப் பாத்து வாங்கணும்."

"கத்தினா கத்தி என்னாகும்ணா?" என்று பாவாடை கேட்டான்.

"மட்டமான சரக்குன்னா பயந்துக்கும்."

"பயந்தா?"

"மடங்கிக்கும். பின்ன எதுக்கு மடக்குக் கத்தின்னு பேரு வச்சான்?"

மூவருக்கும் புல்லரித்தது. பொன்னுரங்கத்துக்கு மட்டும் ஒரு ஐயம் பாக்கி இருந்தது. "என்னன்னு கத்தறதுண்ணா?"

"உன்னை யாராவது கூப்பிட்டா என்னன்னு கூப்பிடுவாங்க? உன் பேரைச் சொல்லித்தானே? அதே மாதிரிதான்."

சந்தையன்று நல்ல கூட்டம். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, ராஜாமணியம்மாள் கத்திகளைப் பரப்பி வைத்திருந்தாள். மாதையன் சொன்னபடி மடக்குக் கத்திகளை எல்லாம் விரித்து வைக்கச் சொல்லிவிட்டு, நால்வரும் நாலு பக்கமும் நின்று, வயிற்றை எக்கி, ஒரே குரலில் கத்தினார்கள்.

"கத்தீ! கத்தீ! கத்தீ!"

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? எவனோ கத்தியை உருவிவிட்டான் என்று சந்தை அலறி எழுந்தது. தக்காளிக் கூடைகள் உருண்டன. புடவைக் கடைக்காரர் ஒரு புடவையைப் போர்த்திக்கொண்டு பெண்கள் கூட்டத்தோடு ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே ராஜாமணியம்மாளும் ஓடினாள். பாதி வழியில்தான் கத்தி தன்னுடையது என்று நினைவு வந்து திரும்பினாள்.

நால்வரும் தார்ப்பாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கத்திகூட மடங்கவில்லை.

"சந்தையே ஓடிடுச்சு, இதுங்க அசையல பாரு. எல்லாமே உசத்திச் சரக்கு" என்றார் மாதையன்.

"உங்களுக்கெல்லாம் கட்டையில போற வயசா, இல்ல கொழுப்பா?" என்று ராஜாமணியம்மாள் வந்து சேர்ந்தாள். தீர்த்தகிரி கையெடுத்துக் கும்பிட்டு, செண்பகத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஒரு கத்தியை எடுத்து 'டக்'கென்று விரித்துக் காட்டினாள்.

"பாரு சாமி, விரிச்சா நிக்குது. தானா மடங்காது."

"நீ புடிச்சிட்டிருக்கக்கா, நிக்குது. விட்டா?" என்றார் மாதையன்.

விட்டாள். விழுந்தது. விழுந்த கத்தி நேராகப் பாவாடையின் கால் கட்டைவிரலில் இறங்கியது. பாவாடை ஒற்றைக் காலில் குதித்தான்.

"பாத்தியா? இது நிக்கலங்கறது ஒரு குத்தம். ஆளைக் கடிக்குதுங்கறது இன்னொரு குத்தம். தள்ளி வை" என்றார் மாதையன்.

இப்படியே ஒவ்வொரு கத்தியாக நிறுத்திப் பார்த்தார்கள். எந்தக் கத்தி விழுந்து யாரைக் கீறினாலும் அது கெட்ட கத்தி என்று ஒதுக்கப்பட்டது. பாவாடைக்கு இன்னும் இரண்டு இடத்தில் துணி சுற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் மூலையில் துருவேறிக் கிடந்த பச்சைப்பிடிக் கத்தி ஒன்று மிஞ்சியது. பிடியின் அடி பருத்து, இட்லி மாதிரி தட்டையாக இருந்தது. நிறுத்தினார்கள். நின்றது! பொன்னுரங்கம் அதன் வாயில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை.

"தங்கமான கத்திண்ணா. பச்சைக் குழந்தை கையிலகூடக் குடுக்கலாம்."

"அது கெட்டுப்போன சரக்கு. பழைய இரும்புக்குப் போட வச்சிருக்கேன்" என்றாள் ராஜாமணியம்மாள். இவ்வளவு தரமான கத்தியை விற்க மனசில்லாமல் அப்படிச் சொல்கிறாள் என்று நால்வரும் புரிந்துகொண்டார்கள்.

ஆட்டம்தான் பாக்கி. அவள் பிடியை அசைத்துக் காட்டி, "துருப்புடிச்சு இறுகிக் கிடக்கு, இதுல எங்க ஆட்டம்?" என்றாள்.

மாதையன் இரக்கத்தோடு சிரித்தார். "மேளம் இல்லாம எதுக்கா ஆடும்?"

பக்கத்து டீக்கடையில் ஒரு பம்பைக்காரர் பன் தின்றுகொண்டிருந்தார். கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்தார்கள். கத்தியை நடுவில் நிறுத்திவிட்டு அடிக்கச் சொன்னார்கள். மனுஷன் வெளுத்து வாங்கினார். கீரைக்கார அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. மிளகாய் மண்டிக்காரருக்கு வந்தது. அப்போதுதான் திரும்பிய புடவைக் கடைக்காரர், போர்த்திய புடவையோடே சுற்றிச் சுற்றி ஆடினார். கட்டைவிரல் கட்டோடு பாவாடையும் ஆடினான். தீர்த்தகிரி மட்டும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையே அதில் இருந்தது. கத்தி ஆடவில்லை. எழுந்து மாதையனைக் கட்டிப் பிடித்து அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை பச்சியப்பன் கத்தியை வாங்கிப் பார்த்தார். விரிப்பதற்கே முழங்காலுக்கு இடையில் வைத்து இழுக்க வேண்டியிருந்தது. ஒரு மாம்பழத்தை எடுத்து அறுத்தார். தோல் கீறவில்லை. அழுத்தினார். பழம் நசுங்கிச் சாறு அவர் சட்டையில் பீச்சியடித்தது.

"ஏம்பா, இது அறுக்குமா?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அறுக்குமான்னு பாக்கச் சொல்லலியே மாமா" என்றான் தீர்த்தகிரி.

மாதையன் அவசரமாகச் சந்தையில் நடந்த சோதனைகள் அத்தனையும் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னார். சொல்லச் சொல்லப் பச்சியப்பனின் முகம் கறுத்தது. "எழுந்து போங்கடா" என்று வாசலைக் காட்டினார். தீர்த்தகிரிக்கு உலகமே இருண்டது. மடியிலிருந்து அந்த மோர் டம்ளரை எடுத்துத் தயங்கித் தயங்கிக் கீழே வைத்தான்.

உள்ளேயிருந்து செண்பகம் வந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, அறுக்கற கத்தி நம்ம வீட்டுல கூடை கூடையாக் கிடக்கு. சொன்னதைச் சொன்னபடி செய்யற ஆம்பளை இந்தச் சீமையில எங்க கிடைப்பான்? பேசி முடிங்க."

பச்சியப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாளும் மகள் சொன்னதற்குப் பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார்.

தை மாதம் கல்யாணம். பந்தல் நிறைய ஜனம். தீர்த்தகிரி தாலியைக் கையில் எடுத்தான். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்றார். தவில் இடி மாதிரி முழங்கியது.

தீர்த்தகிரி திடுக்கிட்டான். தாலியை ஐயர் கையில் கொடுத்தான். இடுப்பிலிருந்து பச்சைப்பிடிக் கத்தியை எடுத்து, முழங்காலுக்கு இடையில் வைத்து விரித்து, மணைக்கு முன்னால் நிறுத்தினான். மாதையனும் பாவாடையும் பொன்னுரங்கமும் முண்டியடித்து வந்து குப்புறப் படுத்தார்கள். பந்தலே எழுந்து எட்டிப் பார்த்தது. அட்சதை கையிலேயே நின்றது.

"ஆடல!" என்று மாதையன் அறிவித்தார்.

மாலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மணப்பெண்ணும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து தவில்காரரிடம் சொன்னாள்:

"லேசா ஆடின மாதிரி இருந்துச்சுங்க. எதுக்கும் இன்னொரு தடவை அடிங்க."