நாவாய்ப் பேரரசர் ஓட்டிய ஓடம்

வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் ஏரிமேல் இறங்கிப் படுத்து இளைப்பாறிப் போகும் அல்லிக்கரை நாட்டை இளமருதன் என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான், ஆனால் கனவுக்காரன். பேசிக்கொண்டே இருப்பான், கண்கள் ஏரிப் பக்கம் போய்விடும். அந்த நேரம் பார்த்து யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் போதும், "ஆகா! இவருக்கு ஒரு பட்டம்!" என்பான். சாப்பாட்டுத் தட்டளவு செப்புத் தகட்டில் பட்டத்தைப் பொறித்து, அந்தப் பட்டயத்தைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அரசனின் தும்மலுக்குச் சுக்குக் கஷாயம் சொன்னவர் 'மருத்துவ மாமணி' ஆனார். கிளியோடு பேசியவர் 'மொழிக்கடல்' ஆனார். சபை கலைந்து எல்லோரும் நடந்தால் பாத்திரக் கடையே எழுந்து நடப்பது போலச் சத்தம் கேட்கும்.

சிங்கணன் என்ற பிரபு ஏரியைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டி, 'நாவாய்ப் பேரரசர்' பட்டத்தை வாங்கினான். தகட்டை மாட்டிக்கொண்டு ஓடத்துறைக்குப் போய் நின்றான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. "நாச்சி! ஏ ஓடக்கார நாச்சி! அக்கரைக்கு மூணு பேர்!" என்றுதான் கூப்பிட்டார்கள். நாச்சி இருபது வருஷமாக அந்த ஏரியில் ஓடம் தள்ளுகிறவள். சிங்கணனுக்கு வயிறு எரிந்தது.

"அரசே, பட்டயம் இல்லாத ஒருத்தி தன்னை ஓடக்காரி என்று சொல்லிக்கொள்கிறாள். அப்படியானால் தாங்கள் கொடுத்த பட்டயத்துக்கு என்ன மதிப்பு?" என்று சபையில் கேட்டான்.

அரசனுக்குச் சுருக்கென்றது. பட்டயம் இல்லாதவர் ஓடக்கழியைத் தொடக்கூடாது என்று ஆணை போட்டுவிட்டான்.

நாச்சி சபைக்கு வந்தாள். "சாமி, பேரை அவரே வச்சுக்கட்டும். ஓடத்தை மட்டும் என்கிட்ட விடுங்க."

"பெயர் இல்லாமல் தொழில் எப்படி, பெண்ணே?" என்ற அரசனின் பார்வை ஜன்னலுக்கு வெளியே நழுவிவிட்டது.

அதன்பின் நாச்சி விடிந்ததும் துறைக்கு வருவாள், கழி இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பாள். அமைச்சர் ஆதனார் இதைப் பார்த்தார். மறுநாள் சபையில், "அரசே, வெள்ளிக்கிழமை தீவுக் கோயிலுக்குப் போகிறோமே. நாவாய்ப் பேரரசரே ஓட்டினால்தானே நமக்குப் பெருமை?" என்றார்.

சிங்கணனுக்கு வியர்த்தது. சபை முழுக்கக் கைதட்டிவிட்டதால் மறுக்க முடியவில்லை. முழங்கால் ஆழத்தில் அவன் தடுமாறினால் போதும், அரசர் புரிந்துகொள்வார் என்பதுதான் அமைச்சரின் கணக்கு. பனிமூட்டத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அரசனையும் அமைச்சரையும் பட்டக்காரர்களையும் ஏற்றிய ஓடம் கரையை விட்டு விலகியதும் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல மூட்டம் இறங்கியது. கரை மறைந்தது, வானம் மறைந்தது. அல்லிப் பூக்கள் தண்ணீரில் மிதக்கின்றனவா, காற்றில் மிதக்கின்றனவா என்று தெரியவில்லை.

"ஆகா! நாம் வானத்திலா போகிறோம்?" என்றான் அரசன். "நாவாய்ப் பேரரசரே, இப்போது எங்கே இருக்கிறோம்?"

"ஓடத்தில் இருக்கிறோம், அரசே."

சொல்லிக்கொண்டே சிங்கணன் கழியை ஓங்கி ஊன்றினான். கழி சேற்றில் நின்றுகொண்டது. ஓடம் போய்விட்டது. கையில் ஒன்றுமில்லாமல் அவன் அரசனைப் பார்த்தான். அப்போதுதான் தூரத்தில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டது. நிரம்பிய ஏரியின் உபரித் தண்ணீர் கலிங்குச் சுவரைத் தாண்டிப் பாறைகளில் விழும் சத்தம். ஓடம் அந்தப் பக்கம்தான் இழுபட்டுக்கொண்டிருந்தது.

அரசனின் கனவு கலைந்தது. அமைச்சர் கைகளைக் குவித்துக் கத்தினார்: "நாச்சி!"

மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "இருக்கேன் ஐயா. ஆனா எனக்குப் பட்டயம் இல்லையே, கழியைத் தொடக்கூடாதே."

"கழியைத் தொட வேண்டாம். பேசுவதற்குத் தடை உண்டா?"

"பேச்சுக்கு யாரும் தடை போடலை."

"அப்படியானால் பேசு, தாயே!"

"தண்ணி விழுற சத்தம் எந்தக் காதுல கேக்குது?"

"வலது காதில்!" என்று கத்தியவன் அரசனே.

"வலப்பக்கம் இருக்கறவங்க தண்ணியத் தள்ளுங்க. கையில என்ன இருக்கோ, அதாலயே தள்ளுங்க!"

அமைச்சர் திரும்பினார். "மாமணியாரே, மொழிக்கடலே, பட்டயங்களைக் கழற்றுங்கள்!"

செப்புத் தகடுகள் தண்ணீரில் இறங்கின. அரசனும் ஒன்றை வாங்கித் துழாவினான். ஓடம் மெல்ல முகம் திருப்பியது. இரைச்சல் முதுகுப் பக்கம் போனது. "இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணா!" என்று குரல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குரல் பெரிதானது. நாணலின் பச்சை வாசம் வந்தது. அடிப்பலகை மணலில் உரசியபோது, முழங்காலளவு தண்ணீரில் நின்ற நாச்சியின் கை ஓடத்தின் விளிம்பைப் பிடித்தது.

அரசன் நனைந்த உடையோடு இறங்கி அவள்முன் நின்றான். "என்ன பட்டம் வேண்டும், கேள்."

"அக்கரைக்குப் போக ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, சாமி. கழியைத் தொட உத்தரவு குடுத்தா போதும்."

அரசனின் முகம் சிவந்தது. ஆணையை அந்த இடத்திலேயே ரத்து செய்தான். துறையும் ஓடமும் இனி அவளுடையவை என்றான். "உம்மால் இன்று விழித்தேன்" என்று தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான். பிறகு சிங்கணன் பக்கம் திரும்பினான்.

"உன் பட்டத்தைப் பிடுங்க மாட்டேன். அதைச் சொல்லி யார் அழைத்தாலும் நீ ஓடம் ஓட்ட வேண்டும். ஓட்டுவதற்கு நாச்சியிடம் கற்றுக்கொள்."

மறுநாளிலிருந்து துறையில் ஒரே கூச்சல்: "நாவாய்ப் பேரரசரே! இரண்டு ஆடும் ஒரு கிழவரும்!" சிங்கணனின் உள்ளங்கை கொப்புளித்தது. முதல் வாரம் இரண்டு முறை தண்ணீரில் விழுந்தான். "கழியோட சண்டை போடாதீங்க, அது சேத்தை விட்டு வர நேரம் குடுங்க" என்று நாச்சி திரும்பத் திரும்பச் சொன்னாள். ஊரார் பட்டத்தைச் சொல்லாமல் இருந்தால் போதும் என்று அவன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். கும்பிட்டாலும் தினமும் வந்தான்.

மார்கழியில் ஒரு காலை. மூட்டம் இறங்கியிருந்தது. சிங்கணன் கண்ணை மூடித் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு, ஒரு வெளியூர் வளையல்காரரை அலுங்காமல் அக்கரை சேர்த்தான். அவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நல்லா ஓட்டினீங்க, ஓடக்காரரே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சிங்கணன் உடனே ஓடத்தைத் திருப்பவில்லை. அவர் உருவம் வெள்ளையில் கரைந்து மறையும் வரைக்கும் கழியைப் பிடித்தபடி நின்றான்.