சுண்ணாம்புக் கோட்டு மாளிகை

வெகுகாலத்துக்கு முன்னே மருதங்காடு என்றொரு நாடு இருந்தது. அதைக் கொற்றவேலன் என்ற ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட அங்குமிங்கும் நடந்தான் என்று சொல்லலாம். ஓரிடத்தில் உட்கார மாட்டான். பக்கத்து நாட்டு ராஜாவைத் தூக்கத்திலேயே யாரோ குத்திக் கொன்றார்கள் என்ற சேதி வந்ததிலிருந்து அந்த நடை இன்னும் கூடிவிட்டது. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்க் கதவைப் பார்ப்பான். இன்றைக்குக் கிழக்கு அறையில் படுக்கை போடச் சொல்வான், நாளைக்கு மேற்கே மாற்றச் சொல்வான்.

அரண்மனைக் காரியஸ்தர் மல்லப்பராயர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். மந்திரி மாதேவனார் சொல்வதற்கெல்லாம் ராஜா தலையாட்டுவதில் ராயருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

ஒருநாள் சபையில் ராயர் ஒரு துணிப்படத்தை விரித்தார்.

"பிரபு, இந்தப் பழைய அரண்மனையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசல். தங்கள் குடும்பத்துக்கென்று புது மாளிகை கட்டிவிடுவோம். நட்டநடுவில் தங்கள் அறை. சுற்றிலும் சுவர், அதைச் சுற்றி இன்னொரு சுவர். தங்களிடம் வர ஒரே வழி, அது என் அறை வழியாக. மகாராணிக்குத் தனிக் கட்டு, குழந்தைக்குத் தனி முற்றம். தீ பயம் கூடாதென்று சமையல்கட்டைக் கடைசி மூலையில் வைத்திருக்கிறேன்."

ராஜா குனிந்து பார்த்தான். "இவ்வளவு பெரிய மனை எங்கே இருக்கிறது?"

"தறிக்காரத் தெருவை எடுத்துக்கொண்டால் போதும்."

"தறிக்காரர்கள் எங்கே போவார்கள்?" என்றார் மாதேவனார்.

"எங்காவது போவார்கள். பிரபுவின் உயிரைவிடத் தறி பெரிதா?"

ராஜாவுக்குப் பொறுமை இல்லை. "இன்றைக்கே காலி செய்யச் சொல்லுங்கள்!" என்றான். வீரர்கள் போய், பாதி நெய்த சேலையோடு தறிகளைப் பிடுங்கித் தெருவில் போட்டார்கள். பெண்களின் அழுகை அரண்மனை வரை கேட்டது. அது கேட்காத இடமாகப் பார்த்து ராஜா நடந்தான்.

மாதேவனார் கூடவே நடந்தார். "மகாராஜா, படம் பிரமாதம். ஒரே ஒரு விண்ணப்பம். குதிரைத் திடலில் இதே அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தருகிறேன். தாங்கள் குடும்பத்தோடு ஒரு பகல் அதற்குள் இருந்து பாருங்கள். கோடுதான் சுவர். விட்டிருக்கும் இடம்தான் வாசல். அதுவரை வீரர்களை நிறுத்தி வையுங்கள். பிடித்திருந்தால் தெருவில் மிச்சமிருப்பதை நானே காலி செய்து கொடுக்கிறேன்."

"மந்திரி பதவியையும் சேர்த்துக் காலி செய்வீரா?" என்று சிரித்தார் பின்னாலேயே வந்த ராயர்.

"செய்கிறேன்."

ராஜா ஒப்புக்கொள்ள, மறுநாள் காலை எல்லோரும் கோடுகளுக்குள் குடியேறினார்கள். ராஜா நடுவில் உட்கார்ந்து, "ஆகா! ஒருவனும் என்னை நெருங்க முடியாது" என்றான். ராயர் தன் கட்டத்தில் மார்பை நிமிர்த்தி நின்றார்.

வெயில் ஏறியது. பசித்தது. சமையல்கட்டு மூலையிலிருந்து சாப்பாட்டோடு கிளம்பிய பரிசாரகன் கோட்டைச் சுற்றி, மறுபடி சுற்றி, ராயரிடம் வந்து சேர்ந்தான். ராயர் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார். குழம்பில் ஆடை கட்டியிருந்தது. சாதம் இன்னும் வந்தபாடில்லை.

அடுத்து ராணி செங்கமலம் வந்தாள்.

"பொறுங்கள் மகாராணி. பிரபு ஓய்வில் இருக்கிறார்" என்றார் ராயர்.

"நான் ஓய்வில் இல்லையே!" என்று உள்ளேயிருந்து கத்தினான் ராஜா.

"சுவர் எழும்பிய பிறகு அந்தச் சத்தம் வெளியே வராது மகாராஜா" என்றது ஒரு குரல்.

"மாதேவனாரே, நீர் ஏன் அங்கே நிற்கிறீர்?"

"காலையிலிருந்து நிற்கிறேன். ராயர் விடவில்லை."

ராஜா எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அந்த நேரம் பார்த்து, பக்கத்து முற்றத்தில் அணிலைத் துரத்திக்கொண்டு ஓடிய அவன் மகள் அல்லி, வெயிலுக்குப் போட்டிருந்த பந்தலின் முளை தடுக்கிக் குப்புற விழுந்தாள். உதட்டில் ரத்தம். "அப்பா!" என்று வீறிட்டாள்.

கைக்கெட்டும் தூரம்தான். ராஜா பாய்ந்தான்.

"அங்கே சுவர் மகாராஜா!" என்றார் மாதேவனார்.

ராஜா திகைத்துத் திரும்பி, வாசல் பக்கம் ஓடினான். ராயர் குறுக்கே வந்தார். "பிரபு, காவலர் வராமல் வெளியே போவது ஆபத்து..." அவரைத் தள்ளிவிட்டு ராஜா ஓடினான். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஓட ஓடக் குழந்தையின் அழுகை விலகிப் போனதே தவிர நெருங்கவில்லை.

"அப்பா, இங்கேதானே இருந்தீங்க? ஏன் அங்கே போறீங்க?"

ராஜா நின்றான். அடுத்த கணம் கோடு கோடாக மிதித்துக் கலைத்துக்கொண்டு நேரே வந்து மகளை வாரி எடுத்தான்.

"மந்திரி, கோட்டைத் தாண்டிவிட்டேன்."

"சுவரையே இடித்துவிட்டீர்கள், மகாராஜா."

"எல்லாம் தங்கள் பாதுகாப்புக்காகத்தானே பிரபு!" என்று ஓடிவந்தார் ராயர்.

ராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பழைய அரண்மனையில் ராஜாவைக் கொல்ல நினைக்கிறவன் ஊரையே சரிக்கட்ட வேண்டும். இங்கே உங்கள் ஒருவரைச் சரிக்கட்டினால் போதும், இல்லையா?"

ராஜா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு மந்திரியின் பக்கம் திரும்பினான்.

"மாதேவனாரே, தறிக்காரத் தெரு தறிக்காரர்களுக்கே. இந்தாரும்" என்று தன் கைக்காப்பைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "ராயரே, பிடுங்கிப் போட்ட தறிகளை அவரவர் வீட்டுக்கு நீரே தூக்கிக்கொண்டு போம். வாசல்தோறும் மன்னிப்புக் கேளும்."

பட்டுத் தலைப்பாகை சரியச் சரிய ராயர் தறிமரம் சுமந்ததை ஊரே கூடிப் பார்த்தது. "நேராப் பிடிங்க ராயரே, பாவு நூல் அறுந்துடும்!" என்று ஒருத்தி அதட்டினாள்.

குதிரைத் திடலிலேயே சின்னதாக ஒரு வீடு எழும்பியது. படம் ராணி சொன்னபடி. அதற்கு எத்தனை வாசல் என்று அந்த ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். அவளுக்கு மனம் மாறும்போதெல்லாம் ஒன்று கூடியதாம். ராஜா ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லையாம்.