அக்கரைக்குப் போன கீரி

பூச்சியப்பன் என்ற கரடி, தாமரைக் குளத்தின் இக்கரையில் ஒரு ஹாக்கி அணியை நடத்தி வந்தது. வளைந்த புளியங்கொம்புதான் மட்டை. செதுக்கிய மரக்கட்டைதான் பந்து. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தேனடை.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த அணியும் வருஷத்துக்கு மொத்தம் நூறு அடைக்கு மேல் கொடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் தேன் அதிகம் வைத்திருப்பவன் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட்டுக்கொள்வானே! ஒருவருக்குப் பேசிய அடையைப் பாதியில் குறைக்கவும் கூடாது. இந்த இரண்டையும் கொக்கு நடுவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வந்தது.

அணியில் நீர்நாய் பொன்னழகும் கீரி வேலாண்டியும் இளசுகள். குட்டிப் பருவத்திலிருந்தே சேர்ந்து ஆடியவை. பொன்னழகு திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் பந்தைத் தள்ளும். அங்கே வேலாண்டி நிற்கும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நிற்கும், அவ்வளவுதான். அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே கிழவனாகிவிட வேண்டும் என்பதுதான் கரடியின் ஒரே ஆசை.

ஒரு வருஷம் இக்கரை அணி கோப்பையை வென்றது. கரடிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், வயதான காட்டுப்பன்றிக்கு வருஷத்துக்கு நாற்பது அடை, அதுவும் ஆறு வருஷத்துக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டது. பன்றி நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் முழங்கால் அப்போதே தேய ஆரம்பித்திருந்தது.

அன்றைக்கே வேலாண்டியும் வந்து கேட்டது. பத்து அடை போதும், ஆறு வருஷத்துக்குப் பேசிவிடலாம் என்றது.

கரடி அதன் முதுகில் செல்லமாகத் தட்டியது. “நீ நம்ம பிள்ளை. எங்கே போயிடப் போறே? இந்த ஒரு வருஷம் அஞ்சு வாங்கிக்கோ. மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.”

வேலாண்டி அதை வாங்கிக்கொண்டது. அந்த வருஷம் அது போட்ட கோல்களுக்கு அளவே இல்லை. பன்றியோ இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கி உட்கார்ந்தது.

கொன்றை பூத்தது. கொன்றை பூத்தால், பேசிய வருஷம் முடிந்த ஆட்டக்காரர்களை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். கரடி அவசரமாகக் கணக்குப் பார்த்தது. பன்றிக்கு நாற்பது போயிற்று. மற்ற எட்டுப் பேருக்கு முப்பது போயிற்று. பொன்னழகை மூன்று அணிகள் கேட்டதால், பதறிப்போய் அதற்குப் பதினெட்டு பேசி முடித்தது. வேலாண்டியை யாரும் கேட்டதாகக் காதில் விழவில்லை. நம்ம பிள்ளைதானே என்று கடைசியில் வைத்துவிட்டது.

மிச்சம் பன்னிரண்டு. அதை எடுத்துக்கொண்டு கரடி வளைக்குப் போனபோது வேலாண்டி மட்டையைக் கட்டிக்கொண்டிருந்தது. அக்கரை அணி இருபது அடைக்கு, ஆறு வருஷத்துக்குப் பேசியிருந்தது. இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, விடிந்ததும் போய்ச் சொல்லவேண்டும் என்றது.

விஷயம் கேட்டுப் பன்றி நொண்டிக்கொண்டே ஓடி வந்தது. தன் நாற்பதில் எட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னது. கொக்கு நடுவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டது. இன்றைக்கு ஆசையாகக் குறைத்தால், நாளைக்கு அடித்துக் குறைப்பார்கள் என்றது. அதுவும் நியாயம்தான்.

கரடி வேலாண்டியின் மட்டையைப் பிடித்துக்கொண்டது. “எட்டு அடைக்காகவா தம்பி போறே?”

“இல்லைண்ணே,” என்றது வேலாண்டி. “போன வருஷம் பத்து கேட்டேனே, அது தேனுக்காகவா கேட்டேன்? ஆறு வருஷம் இங்கேயே இருக்கணும்னு கேட்டேன். அக்கரைக்காரங்க முதல் ஆளா என்னைத் தேடி வந்தாங்க. நீங்க எல்லாருக்கும் கொடுத்துட்டு மிச்சத்தோட வந்திருக்கீங்க.”

விடிந்ததும் வேலாண்டி அக்கரைக்குக் கிளம்பியது. பொன்னழகு மட்டும் குளத்தோரம் வரை கூடவே போய்விட்டுத் திரும்பியது.

அதன் பிறகும் ஆட்டம் நடந்தது. பொன்னழகு பழக்கதோஷத்தில், திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் பந்தைத் தள்ளும். அங்கே யாரும் இல்லை. பந்து உருண்டு குளத்தில் விழும். தினமும் கரடிதான் இறங்கி எடுத்து வரும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் வேலாண்டியின் மட்டைச் சத்தம் கேட்கும். எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அது கரடிக்குத் தெரியும்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் காற்று பந்தை அக்கரைக்கே கொண்டுபோய்விட்டது. வேலாண்டி அதைக் கரையில் எடுத்துப் போட்டு நிமிர்ந்து பார்த்தது. இக்கரையில் இடுப்பளவு தண்ணீரில் கரடி நின்றது. வேலாண்டி மெதுவாக ஒரு அடி அடித்தது. தண்ணீர்மேல் தாவித் தாவி வந்த பந்து, நேராகக் கரடியின் கைக்கு வந்து சேர்ந்தது.

வேலாண்டி அக்கரையில் பேசிய ஆறு வருஷம் முடிய, கொன்றை இன்னும் ஐந்துமுறை பூக்கவேண்டும். கரடி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அக்கரையில் எல்லோரும் கலைந்து போன பிறகும் அங்கேயே நின்றது.

நம்மவன்தானே, எங்கே போய்விடுவான் என்று ஒருவனைக் காக்கவைத்தால், பிறகு அவனுக்காக நாம்தான் காத்துக் கிடக்கவேண்டும்.