நெற்றியில் எழுதிய இங்கிலீஷ் சொல்

இந்தக் கதையின் முடிவில் உங்களை ஒரு கேள்வி கேட்கப்போகிறேன். ஆகையால் நுனிப்புல் மேயாமல் படியுங்கள்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் நெடுங்கரைக்குறிச்சி என்றொரு ஜமீன் இருந்தது. ஜமீன்தார் வீரகேசரிக்கு ஐம்பது வயதில் இங்கிலீஷ் மோகம் பிடித்தது. ஞானமுத்து வாத்தியாரை அரண்மனையிலேயே வைத்துக்கொண்டு தினம் ஒரு சொல் கற்றார். கலெக்டருக்கு ஜமீனிலிருந்து போகும் கடிதமெல்லாம் வாத்தியார் கைப்பட எழுதியவைதான். முத்து முத்தான, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. உறையைப் பிரிக்கும் முன்பே அது யார் கை என்று கலெக்டர் சொல்லிவிடுவாராம்.

ஜமீன்தாருக்குப் பூ, பறவை என்று படிப்பது சலித்துவிட்டது. "நிலைச்சு நிக்கிற சாமானுக்கு என்ன வார்த்தை இருக்கு? அதச் சொல்லும் ஓய்" என்றார்.

'லாஸ்டிங்' என்றார் வாத்தியார். போதவில்லை. 'பெர்மனென்ட்' என்றார். "அது என் பட்டயத்துலயே இருக்கு. அதுக்கும் மேல?"

'இன்டெலிபிள்' என்ற வாத்தியார், கழுவினாலும் தேய்த்தாலும் போகாதது என்று பொருளும் சொன்னார். ஜமீன்தார் அதை மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 

மறுநாள் தண்டோரா போட்டார்கள். அழியாத குறி போடத் தெரிந்தவருக்கு இரண்டு காணி நிலம். ஆனால் எங்கே போடச் சொன்னாலும் போடுவதாக முதலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி பச்சை குத்தும் சிங்கம்மாள். மற்றவர் துணி வெளுக்கும் உச்சிமாகாளி. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போய்விடாமல் இருக்க, துணி முனையில் சேராங்கொட்டைச் சாற்றால் புள்ளி வைப்பவர் அவர். துணி நைந்து போனாலும் அந்தப் புள்ளி போகாது. இருவரும் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார்கள். இதில் என்ன மோசம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தார்கள், பாவம்.

அதற்குப் பிறகுதான் செல்லக்கிளியை இழுத்துவந்தார்கள். அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கிறவள். ஜமீன்தார் தம் சொந்தத் தம்பியைக் கிணற்றில் தள்ளிக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து எட்டாம் நாள் கலெக்டர் ஊரில் முகாம் போடுகிறார், அவரிடம் சொல்லியே தீருவேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அவளையும் கொன்றால் இரண்டாவது பிணத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். நெற்றியில் 'தீஃப்', அதாவது திருடி, என்று இங்கிலீஷில் இருந்துவிட்டால் துரை அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வாரா? வாத்தியார் மை தொட்டு எழுத வேண்டும், அதன் மேலேயே குறி போட வேண்டும் என்பது உத்தரவு. வாத்தியார் எழுதினார். எழுத்து வழக்கம்போல் அழகாகச் சாய்ந்தே விழுந்தது.

"குத்துளா" என்றார் ஜமீன்தார்.

சிங்கம்மாள் ஊசியைத் தூக்கி நெருப்பில் போட்டாள். "கற்பூரத்த அணைச்ச கை இதுதான் எசமான். பொய்யாப் போச்சு. என்ன செய்யணுமோ செஞ்சுக்கிடுங்க."

செய்தார்கள். அந்தக் கை அதற்குப் பிறகு ஊசி பிடிக்கவில்லை.

உச்சிமாகாளி முன்னே வந்தார். எழுத்தின் மேலேயே சேராங்கொட்டைச் சாற்றை இழுத்தார். நெற்றி கொப்பளித்துக் கறுத்தது. அவள் அலறியது கோட்டைவாசல் வரை கேட்டது. வெளியே வந்ததும் அவர் வாத்தியார் காதருகில் சொன்னார். "துணியிலதான் நிக்கும் வாத்தியாரய்யா. தோலுல நிக்காது. இருவது நாளுல உரிஞ்சிரும். நீங்க மூச்சு விட்டா என் தலை தப்பாது."

எட்டாம் நாள் கலெக்டர் வந்தார். மொழிபெயர்த்தவர் வாத்தியார்தான். கிணற்றடியில் பார்த்ததைச் செல்லக்கிளி ஒன்றுவிடாமல் சொன்னாள். துரையோ, எங்கோ பார்த்த ஒன்றைப் பார்ப்பதுபோல அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எழுதியது யார்?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

ஜமீன்தார் பக்கத்திலேயே நின்றார். உச்சிமாகாளி பெயரைச் சொன்னால் விசாரணை வரும், குறி உரிந்துபோகும் ரகசியம் வெளிப்படும், அவர் தலை போகும். சொல்லாவிட்டால் செல்லக்கிளி திருடி. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது துரை" என்றார்.

திருடியின் சாட்சி செல்லாது என்று துரை முடித்துவிட்டார். போலீஸ் கேடிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லையே எழுதச் சொன்னார். எழுதியவரும் வாத்தியார்தான். இருபதாம் நாள், உச்சிமாகாளி சொன்னபடி, தோல் உரிந்து நெற்றி பளிச்சென்று ஆனது. அதற்குள் துரையும் போய்விட்டார், பதிவேடும் போலீஸ் கச்சேரிக்குப் போய்விட்டது.

இப்போது சொல்லுங்கள். சத்தியத்தை முறித்தாள் சிங்கம்மாள். சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஏமாற்றினார் உச்சிமாகாளி. ஓர் உயிருக்காக வாயை மூடிக்கொண்டார் வாத்தியார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சிங்கம்மாள் செய்ததுதான் சரி. உச்சிமாகாளியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோல் உரியும் நாளைக் கணக்கிட்ட நல்ல மனிதர், துரை வரும் நாளை மறந்துவிட்டார். வாத்தியாரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. துரை கேட்டது குறி போட்டவரை அல்ல, எழுதியவரை. "நான்தான் எழுதினேன், இவள் எதையும் திருடவில்லை" என்று அவர் சொல்லியிருந்தால், உச்சிமாகாளியின் பெயரே வந்திருக்காது. அந்தக் கையெழுத்தைத் தெரிந்த துரை நம்பியும் இருப்பார். போவதாக இருந்தால் வாத்தியாரின் தலை ஒன்றுதான் போயிருக்கும். அந்த நேரத்தில் அவருக்கு அந்த வழி தோன்றவில்லை என்று பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. தோன்றியிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் அந்த ஒரு சொல் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல், வேறு யாரோ எழுதியதுபோல நிமிர்ந்து நிற்கிறது. செல்லக்கிளி, ஒரு வடுவும் இல்லாத நெற்றியோடு, இருபத்தாறு வருஷம் மாதாமாதம் போலீஸ் கச்சேரிக்குப் போய் அந்தச் சொல்லுக்குக் கீழே கைரேகை வைத்துவிட்டு வந்தாள்.